சிட்லபாக்கமா, மாடம்பாக்கமா, செங்கல்பட்டா: ஏரிப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு

ஏரிப் பக்கத்து மனையைக் காட்டத் தரகர்களுக்குப் பிடித்த மாதம் தை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி தளும்பி நிற்கும், வானம் வெளுத்திருக்கும். நடு நீரில் கூழைக்கடா மிதக்கும், ஓரத்தில் நாமக்கோழிகள் கும்பலாக மேயும். அந்த அரைமணி நேரக் காற்றில் மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். கார்த்திகையில் மழை கொட்டும்போது அதே மனையைப் பார்க்க வாருங்கள் என்று யாரும் அழைப்பதில்லை. சித்திரையில் ஏரி வெடித்துக் கிடக்கும்போதும் அழைப்பதில்லை.

சென்னையின் இரைச்சல் போதும், ஆனால் சென்னையை விட்டுப் போகவும் முடியாது என்ற நிலையில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாம்பலத்திலோ வடபழனியிலோ வாடகை கொடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்குப் புறநகரில் வீடு பார்க்கிறவர்கள் நிறையப் பேர். செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே ஒரு பெயர் உண்டு. ஆகையால் ஏரி கிடைக்காமல் போகாது. எந்த ஏரியை விடுவது என்பதில்தான் சிக்கல்.

நான் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சிட்லபாக்கம், மாடம்பாக்கம், செங்கல்பட்டின் கொளவாய் ஏரிப் பக்கம். போரூரைச் சேர்க்கவில்லை, ஏரி அழகுதான், ஆனால் போரூர் சாலைச் சந்திப்பைச் சுற்றி அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை. கொரட்டூர் ஏரிக்காக அங்குள்ள மக்கள் பல ஆண்டுகளாகக் கழிவுநீரோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன், ஆனால் புதிதாக வீடு தேடுகிறவரை அங்கே அனுப்ப மனம் வரவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விலை குறைவாகச் சொல்வார்கள். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்போது அந்தப் பகுதி என்னவாயிற்று என்பதை அங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அடையாற்றின் தொடக்கப் பகுதி அது. குறைந்த விலைக்குக் காரணம் இருக்கிறது.

ஊர்களை ஒப்பிடுவதற்கு முன் ஏரி என்பது எப்படி அமைந்தது என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் எந்த ஊர் என்பதைவிட ஏரிக்கு எந்தப் பக்கம் என்பதே வீட்டின் விதியைத் தீர்மானிக்கிறது. இந்தப் பகுதியில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மேலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தினார்கள். அதுதான் ஏரி. அது இயற்கையாக உண்டான பள்ளம் இல்லை. கரையில் மதகு உண்டு. மதகைத் திறந்தால் தண்ணீர் கீழே இருக்கும் வயல்களுக்குப் போகும். அந்த வயல்கள் ஆயக்கட்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் மெல்லிசாகப் பரவி நிற்கும் மேல் ஓரம், உள்வாய்.

இப்போது வயல்கள் இல்லை, வீடுகள் இருக்கின்றன. கரைக்குக் கீழே, அதாவது பழைய ஆயக்கட்டில் வீடு வாங்கினால், ஏரி நிரம்பியிருக்கும் நாளில் தண்ணீரின் மட்டம் உங்கள் வீட்டுத் தரையைவிட உயரத்தில் இருக்கும். கரை உறுதியாக இருந்தால் பயமில்லை. ஆனால் ஊற்று கசியும், சுவரின் அடியில் ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு உதிரும். நெல் விளைந்த மண் என்பதால் களி மண்; மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். அங்கே வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு மட்டும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். பழைய ஆவணத்தில் நிலத்தின் வகைப்பாடு நஞ்சை என்று இருந்தால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓரடி செம்மண் அடித்து மட்டப்படுத்தி, கல் நட்டு, வர்ணம் பூசிவிட்டால் நஞ்சை மறைந்துவிடாது.

உள்வாய்ப் பக்கம் இதைவிட மோசம். ஆண்டில் பத்து மாதம் அங்கே தண்ணீர் இருக்காது. மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதனாலேயே ஆக்கிரமிப்புகள் அதிகம் முளைத்ததும் அங்கேதான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் இருக்கிறது என்று காட்டுவார்கள். அவை நிலத்தின் உரிமையைச் சொல்லும் தாள்கள் இல்லை. கலங்கலுக்கு நேர் கீழே, உபரிநீர்க் கால்வாயின் ஓரம் வாங்குவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

மிஞ்சுவது கரையின் இரண்டு முனைகள். மண்கரை எங்கே மேட்டு நிலத்தோடு போய்ச் சேர்கிறதோ அந்தப் பக்கம். பழைய ஊரும் நத்தமும் கோயிலும் பெரும்பாலும் அந்த மேட்டில்தான் இருக்கும். நம் முன்னோர் மட்டப் பலகை வைத்து அளந்துவிட்டுக் குடியேறவில்லை. பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டுக் குடியேறினார்கள். எந்த ஊரில் வீடு தேடினாலும் முதலில் பழைய கோயில் எங்கே என்று கேட்டு, அதற்கும் நீங்கள் பார்க்கும் மனைக்கும் இடையே தெரு ஏறுகிறதா இறங்குகிறதா என்று நடந்து பாருங்கள். சைக்கிளில் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இனி ஊர்களுக்கு வருவோம்.

சிட்லபாக்கத்தின் பெரிய பலம் ரயில். குரோம்பேட்டை நிலையமும் தாம்பரம் சானடோரியம் நிலையமும் கைக்கெட்டும் தூரம். கடற்கரை, தாம்பரம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினால் கிண்டிக்கும் எழும்பூருக்கும் போக ஜிஎஸ்டி சாலையின் தயவு தேவையில்லை. பள்ளிக்கூடம், கடைத்தெரு, குரோம்பேட்டை அரசு மருத்துவமனை எல்லாம் அருகிலேயே. இன்னொரு பலம் ஊர்க்காரர்கள். 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் உட்படச் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, சிட்லபாக்கம் குடியிருப்போர் மண்வெட்டியோடு தாங்களே ஏரிக்குள் இறங்கினார்கள். அந்த ஆண்டு அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. இன்று அங்கே கரையும் நடைபாதையும் இருக்கின்றன என்றால் அதற்குப் பின்னால் மனுக்களும் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் இருக்கின்றன. ஏரியைத் தன்னுடையது என்று நினைக்கும் ஊரில் வீடு வாங்குவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை விலைப்பட்டியல் சொல்லாது.

பலவீனம், அது அமைதியான இடம் என்று சொல்ல முடியாதது. முதல் பிரதான சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். ஏரியின் பரப்பும் காலப்போக்கில் சுருங்கிவிட்டது. சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கி நிற்கின்றன. அதைவிட முக்கியமானது, இந்த ஏரி ஒரு சங்கிலியின் கண்ணி. சிட்லபாக்கத்தின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சேர்கிறது. இந்த வழி முழுவதும் இப்போது வீடுகள். கீழே தண்ணீர் தேங்கினால் மேலே வடிவது தாமதமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணையையும் வேளச்சேரியையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் சிட்லபாக்கத்தில் தெருவுக்குத் தெரு வேறுபாடு உண்டு. ஒரே சாலையின் ஒரு முனையில் கணுக்கால் நனையாது, மறு முனையில் மோட்டார் மூழ்கும்.

மாடம்பாக்கம் இன்னும் கிராமத்தின் எலும்பைக் கொண்ட ஊர். சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் நடந்தால் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஏரி சிட்லபாக்கத்தைவிட மிகப் பெரியது. அதற்குள் குடிநீர்க் கிணறுகள் இருப்பதால் அந்த ஏரி மேல் ஊருக்கு ஒரு கண் எப்போதும் உண்டு. காலையில் கரையில் நின்றால் சங்குவளை நாரையும் நீலத் தாழைக்கோழியும் தெரியும். மாலையில் தவளைக் கச்சேரி. பகலில் மட்டும் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கும். அந்த ஓசை பழகிவிடும் என்கிறார்கள், எனக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை.

ஆனால் மாடம்பாக்கத்தில் ரயில் இல்லை. தாம்பரம் நிலையத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வர வேண்டும். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பு, சேலையூர், கேம்ப் ரோடு சந்திப்பு எல்லாம் வழியில் உண்டு. காலை எட்டரை மணிக்கு இந்த ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், அங்கிருந்து கிண்டிக்கு ரயிலில் போகும் நேரத்துக்கு ஈடு கொடுக்கும். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வேலை இருப்பவர்களுக்கு இந்தக் குறை பாதிதான். ரயிலையே நம்பாமல் வேளச்சேரி சாலையில் போய்விடலாம், அங்கேயும் நெரிசல் உண்டு என்றாலும். தினமும் நகரத்துக்குள் போய்வருகிறவர் மாடம்பாக்கத்தின் அமைதியை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டுமே பார்ப்பார். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இந்த ஊர் நன்றாகப் பொருந்தும்.

சிட்லபாக்கம், மாடம்பாக்கம் இரண்டுமே 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. அதற்கு முன் பேரூராட்சிகள். வரியும் எதிர்பார்ப்பும் மாநகராட்சி அளவுக்கு வந்துவிட்டன. எல்லாத் தெருவுக்கும் வசதி அந்த அளவுக்கு வந்துவிட்டதா என்பதைத் தெருவில் விசாரிக்க வேண்டும். குறிப்பாகப் பாதாளச் சாக்கடை. இணைப்பு இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்தான். அது நிரம்பினால் கழிவுநீர் லாரி. சில வீடுகள் அந்தச் செலவைத் தவிர்க்க மழைநீர்க் கால்வாயில் குழாயைச் செருகிவிடும். அந்தக் கால்வாய் எங்கே போகிறது? ஏரிக்கு. ஏரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றாமல் வரும் என்பது பாதி உண்மை. அந்தத் தண்ணீர் எதைத் தொட்டு வருகிறது என்பது மறுபாதி. வாங்குவதற்கு முன் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். உப்பின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, கழிவுக் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளமாக விரிந்திருந்தால் சோதனைக்குப் போகும் முன்பே பாதி விடை தெரிந்துவிடும். கழிவு கலக்கும் நீரில்தான் அது அப்படிக் கொழிக்கும். கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னலுக்கு வலை அடிக்கும் செலவை வீட்டு விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது செங்கல்பட்டு. ரயிலில் பரனூரைத் தாண்டி ஊரை நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலை நிரப்பிக்கொண்டு விரியும். தெற்கே போகிற யாருக்கும் தெரிந்த காட்சி. 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகரான பிறகு ஆட்சியர் அலுவலகமும் பிற அலுவலகங்களும் வந்தன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முன்பே இருந்தது. அதனால் இது ஒரு தூங்குமூஞ்சிப் புறநகர் இல்லை, தனக்கென்று சந்தையும் நீதிமன்றமும் மருத்துவரும் கொண்ட ஊர். சென்னையைச் சார்ந்து இல்லாமலேயே ஒரு வாரத்தை ஓட்டலாம். மற்ற இரண்டு இடங்களிலும் இது சாத்தியமில்லை. தென்மாவட்டங்களுக்குப் போகும் விரைவு ரயில்கள் பலவும் இங்கே நிற்கும். சொந்த ஊர் மதுரையோ திருச்சியோ என்றால் இது சின்ன விஷயமில்லை. தாம்பரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் முட்டிமோத வேண்டியதில்லை.

நீரின் போக்கும் இங்கே வேறு. கொளவாயின் உபரிநீர் நீஞ்சல் மடு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. பள்ளிக்கரணைச் சங்கிலியைப் போல அடுத்தடுத்து வீடுகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போகவில்லை. கரைக்குக் கீழேயும் மடுவின் ஓரத்திலும் வாங்கக் கூடாது என்ற விதி இங்கேயும் உண்டு என்றாலும், மேட்டு நிலம் தேடுவது சிட்லபாக்கத்தைவிட எளிது. ஊர்க் கழிவுநீர் ஏரியில் கலப்பது இங்கேயும் பழைய புகார்தான்.

குறை, தூரம். கடற்கரை நிலையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மின்சார ரயில் வருகிறது, சீசன் டிக்கெட்டும் மலிவுதான். ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே ரயில்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் காத்திருப்பது நீளும். போக வர நான்கு மணி நேரத்தை நாள்தோறும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இளம் வயதில் முடியும், எத்தனை ஆண்டு முடியும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். காரில் போகலாம் என்றால் பரனூர் சுங்கச்சாவடி இருக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு முந்திய நாட்களில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் கடந்து வருவதற்குள் பொறுமை போய்விடும். வெயிலும் கூடுதல், கடல்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் மாலையாகிவிடும்.

என் தீர்ப்பு இப்படி. வீட்டில் எழுபதைத் தாண்டிய பெற்றோரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருந்தால் சிட்லபாக்கம். அமைதி குறைவுதான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் அமைதி உதவாது. வேலை தென்சென்னையில் அல்லது பாதி வாரம் வீட்டில், வயது நாற்பதைச் சுற்றி, காலையில் நடக்க ஒரு கரை வேண்டும் என்றால் மாடம்பாக்கத்தைத் தயங்காமல் சொல்வேன். விலையும் அமைதியும் ஓரளவு ஒத்துப்போகும் இடம் இந்த மூன்றில் அதுதான். ஓய்வு பெற்றவர்கள், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சென்னைக்கு வந்தால் போதும் என்பவர்கள் செங்கல்பட்டைப் பார்க்கலாம். ஓய்வு பெற இன்னும் பத்து ஆண்டு இருக்கும்போதே அங்கே வீட்டை வாங்கிப் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூட்டிய ஏரிக்கரை வீட்டில் முதலில் குடியேறுவது ஈரமும் கரையானும். பிறகு தண்ணீர்ப் பாம்பு.

எந்த ஊரானாலும் ஒரு வடகிழக்குப் பருவத்தை வாடகை வீட்டில் கழித்துவிட்டு வாங்குவது சிறந்தது. புரட்டாசியில் குடியேறித் தை வரை இருந்து பாருங்கள். அது முடியாதவர்கள், பெருமழை பெய்த மறுநாள் காலை ஒருமுறை போய்வரலாம். அன்று பார்க்க வேண்டியவை சில. மதில்சுவரில் புது வர்ணத்துக்கு அடியில் கிடைக்கோடாக ஒரு பழுப்புக் கறை தெரிகிறதா? தெருவில் தண்ணீர் மோட்டார்களைத் தரையில் வைத்திருக்கிறார்களா, தோள் உயரத்தில் சுவரில் மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்களா? பழைய வீடுகளுக்குள் போகப் படி ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டுப் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசற்படி மூன்றில் இரண்டு சாலைக்குள் புதைந்திருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் போடுகிறவரிடமும் 2015-இல் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். அவர்கள் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். தரகரைப் போல அவர்களுக்கு அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

தாள்களில் மூன்று. வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்காவது எடுங்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணை ஒட்டி ஏரி, ஓடை, கால்வாய் என்று ஏதாவது குறித்திருந்தால், இன்று அங்கே கால்வாய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மழைக்கு அந்த வழி தெரியும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாதது என்றால், அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-ஆம் தேதியைத்தான் எல்லையாக வைத்தது என்பதை நினைவில் கொண்டு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவருடைய வழக்கறிஞரிடம் இல்லை, உங்களுடையவரிடம்.

தனி வீடா, அடுக்குமாடியா என்றும் கேட்கிறார்கள். தரைத்தளத்தைக் கார் நிறுத்த விட்டுவிட்டு மேலே வீடுகள் கட்டிய குடியிருப்பில் உங்கள் கட்டில் நனையாது. காரும் லிஃப்ட் மோட்டாரும் நனையும், மின்சாரம் இல்லாமல் மூன்றாம் மாடியில் மூன்று நாள் இருக்க நேரும். அத்தகைய கட்டடத்தில் மின் பெட்டியையும் ஜெனரேட்டரையும் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அவை தரையோடு தரையாக இருந்தால், கட்டியவருக்கு அந்த ஏரியைப் பற்றி எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.